காசநோய் மூளைக்காய்ச்சலில் ஸ்டீராய்டு: ஒரு தாயின் கேள்வி

காசநோய் மூளைக்காய்ச்சல் என்று உறுதிசெய்து நாங்கள் சிகிச்சையைத் தொடங்கிய அன்றோ மறுநாளோ, நோயாளியின் குடும்பத்தினரில் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம். அவ்வாறு கேட்டவர்களுள் ஒருவர், 24 வயது இளைஞர் ஒருவரின் தாயார். மருந்துச் சீட்டில் இருந்த பெயரைத் தம் மூத்த மகனிடம் காட்டி விசாரித்திருக்கிறார். "எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்துன்னு பெரியவன் சொல்றான். கிருமி வந்து படுத்திருக்கிற பிள்ளைக்கு அதைப் போய்க் கொடுக்கலாமா டாக்டர்?" என்றார்.

மிகச் சரியான கேள்வி. மருத்துவ உலகமே இதற்கு உறுதியான விடை காண ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. ஆனால் அன்று அந்த அம்மாவுக்கு நாங்கள் அளித்த விடை, வார்டைச் சுற்றிவரும் அவசரத்தில் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. அது போதாமற்போனதால் பின்னர் என்ன நேர்ந்தது என்பதையும் இங்கே எழுதவிருக்கிறோம். குடும்பத்தாரின் இசைவுடன், அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.

மண்டையோட்டுக்குள் நிகழ்வது

காசநோய் என்றவுடன் இருமலும் சளியும் நுரையீரலுமே நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அக்கிருமி இரத்தத்தின் வழியே உடலின் எப்பகுதிக்கும் சென்று தங்கக்கூடியது. மூளையின் மேற்பரப்பிலோ அதைப் போர்த்தியுள்ள உறையிலோ மிகச் சிறிய கட்டியாகப் பல மாதங்கள், சிலரிடம் பல ஆண்டுகள்கூட, அது அடங்கிக் கிடக்கும். பின்பு அக்கட்டி உடைந்து, மூளையைச் சூழ்ந்துள்ள நீரில் கிருமிகள் கலக்கின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய நோய்க்குறியியல் அறிஞர் ஆர்னால்ட் ரிச், தம் உடன்பணியாளர் மெக்கார்டக்குடன் சேர்ந்து 1933இல் இதனை விளக்கினார். அதனால் அச்சிறு கட்டியை 'ரிச் குவியம்' என்றே இன்றும் அழைக்கிறோம்.

அந்த நீரில் கலக்கும் கிருமிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் மிகக் குறைவு. முதுகில் எடுத்த நீரைச் சோதித்தும் கிருமி தென்படாமற்போவதற்கும், "கிருமி இல்லைன்னு ரிசல்ட் வந்துச்சே, அப்புறம் எதுக்கு டி.பி. மாத்திரை?" என்று உறவினர்கள் குழம்புவதற்கும் இதுவே காரணம். (முதுகில் நீர் எடுத்தால் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போகும் என்ற அச்சத்தையும் நாள்தோறும் கேட்கிறோம். ஊசி செலுத்தப்படும் இடத்தில் தண்டுவடம் இல்லை. அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் குவின்கே 1891இல் அறிமுகப்படுத்திய முறை இது. காலந்தாழ்த்தாமல் இசைவு தாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.)

சில கிருமிகள் எவ்வாறு இவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கின்றன? விடை அழற்சியில் இருக்கிறது. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. இரத்த நுண்குழாய்கள் விரிந்து, வெள்ளணுக்களும் புரதம் செறிந்த நீரும் அங்கே கசிவதால் உண்டாகும் நிலை அது. காலில் தோல் நெகிழ்ந்து இடம் கொடுக்கிறது. சில நாள்களில் வீக்கம் வடிகிறது. மண்டையோடு எலும்பால் ஆன மூடிய பெட்டி. அங்கே வீக்கத்திற்கு இடமில்லை.

காசநோய் மூளைக்காய்ச்சலில் இந்தக் கசிவு, கூழ்போல் கெட்டியாகவும் பிசுபிசுப்பாகவும், மூளையின் அடிப்பகுதியில் படிகிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுவரும் முக்கியத் தமனிகளும், கண்ணுக்கும் முகத்துக்கும் செல்லும் நரம்புகளும், மூளை நீர் வெளியேறும் வழிகளும் நெருங்கிச் செல்லும் இடம் அது. நரம்பைக் கசிவு சூழ்ந்தால் மாறுகண் ஏற்படலாம்; பார்வை மங்கலாம். தமனியைச் சூழ்ந்தால் அதன் சுவரும் அழற்சியுற்றுக் குழாய் சுருங்கும். மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி இரத்தமின்றி மடியும். முதியவர்களின் நோய் என்று நாம் கருதும் பக்கவாதம், பள்ளிச் சிறுவர்களையும் இந்நோயில் தாக்குவது இதனால்தான். மேலே சொன்ன இளைஞருக்கும் அனுமதிக்கப்பட்ட மூன்றாம் நாள் இடக்கை தளர்ந்தது.

மற்றொன்று நீர்த் தேக்கம். மூளைக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் சுரந்து, சுற்றிவந்து, மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. வழி அடைபட்டாலும் சுரப்பு நிற்பதில்லை. மூளையின் உள்ளறைகள் விரிகின்றன, தலைவலி மிகுகிறது, வாந்தி வருகிறது, கூப்பிட்டால் விழிக்கும் நோயாளி, பிறகு உலுக்கினாலும் விழிப்பதில்லை. தேங்கிய நீரை வயிற்றுக்குள் வடியச் செய்யும் ஷன்ட் எனும் குழாய் சிலருக்குத் தேவைப்படுகிறது. யாருக்கு அதனால் எவ்வளவு பயன் என்பதைக் கணிக்க, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளை நான்கு நிலைகளாக வகுத்தனர். 'வேலூர் தரநிலை' என்று பிற நாட்டு மருத்துவர்களும் அதைக் குறிப்பிடுகின்றனர்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் ஆகிய மருந்துகள் கிருமியைக் கொல்கின்றன. அழற்சியை அவை அடக்குவதில்லை. மடிந்த கிருமிகளின் சிதைவுகளே உடலை மேலும் சீண்டுவதால், சரியான மருந்தைத் தொடங்கிய பின்பும் சில வாரங்களுக்கு அழற்சி பெருகக்கூடும். "மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் மோசமாகிவிட்டார்" என்று குடும்பத்தினர் சொல்லும்போது அது எப்போதும் தவறான கூற்று அன்று. அந்தச் சில வாரங்களைக் கடத்துவதற்கே ஸ்டீராய்டு.

ஐயமும் ஆய்வும்

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹெஞ்ச் என்பவர் கார்ட்டிசோன் மருந்தை 1948இல் மூட்டு அழற்சி நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக அளித்தார். இரண்டே ஆண்டுகளில், 1950இல், அப்பணிக்காக அவரும் வேறிருவரும் நோபல் பரிசு பெற்றனர். அதே காலத்தில் மற்றொரு செய்தியும் வந்தது: காசநோய் உள்ள விலங்குகளுக்குக் கார்ட்டிசோனை மட்டும் கொடுத்தால் நோய் முற்றுகிறது. ஆகவே அந்த அம்மாவின் அச்சம் ஆதாரமற்றதன்று. கிருமிக்கொல்லி மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுப்பது, இன்றும், காசநோயாளிக்குச் செய்யக்கூடிய பெருந்தீங்குகளுள் ஒன்று. காரணம் தெரியாத காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, காய்ச்சல் மறைந்து நோய் மட்டும் வளர்ந்த நிலையில் எங்களிடம் வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் காணும்போது எங்களுக்கு ஏற்படும் வருத்தம் சொல்லி முடியாதது.

ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகு, அதனுடன் ஸ்டீராய்டையும் சேர்த்தால் என்ன என்று 1950களிலேயே மருத்துவர்கள் முயன்றனர். சிலர் பயனுண்டு என்றனர், சிலர் மறுத்தனர். பெரும்பாலான ஆய்வுகள் மிகச் சிறியவை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 141 குழந்தைகளிடம் நடந்து 1997இல் வெளியான ஆய்வு, ஸ்டீராய்டு பெற்ற குழந்தைகளில் உயிரிழப்பு குறைந்ததைக் காட்டியது. பெரியவர்களைப் பொறுத்தவரை ஐயம் தீர 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வியட்நாமின் ஹோ சி மின் நகரில் இரண்டு மருத்துவமனைகளில், 14 வயதைக் கடந்த 545 நோயாளிகள் அந்த ஆய்வில் பங்கேற்றனர். அனைவருக்கும் காசநோய் மருந்துகள் தரப்பட்டன. குலுக்கல் முறையில் ஒரு பாதியினருக்கு டெக்ஸாமெத்தசோனும் மறுபாதியினருக்கு அதைப் போன்றே தோற்றமளிக்கும் வெற்று மருந்தும் அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது. ஒன்பது மாத முடிவில், வெற்று மருந்து பெற்றவர்களில் 100க்கு 41 பேர் இறந்திருந்தனர். டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களில் 100க்கு 32 பேர். அஞ்சியதற்கு மாறாக, கடுமையான பக்கவிளைவுகளும் ஸ்டீராய்டு பெற்றவர்களிடமே குறைவாக இருந்தன.

இந்த எண்களை நாங்கள் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. நூற்றில் ஒன்பது உயிர்கள் என்பது பெரிது. அதே வேளையில் ஸ்டீராய்டு பெற்றும் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்தார் என்பதும் அதே ஆய்வின் உண்மை. பிழைத்தவர்களிடையே கடும் ஊனம் குறையவும் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கியிருந்தது. "இந்த ஊசி போட்டா சரியாயிடுமா?" என்று கேட்பவரிடம் 'ஆம்' என்று ஒற்றைச் சொல்லில் எங்களால் சொல்ல இயலாமைக்கு இதுவே காரணம். வாய்ப்பு கூடுகிறது என்று மட்டுமே சொல்வோம். முதல் நிலையிலேயே, அதாவது நினைவு தெளிவாக இருக்கும்போதே வந்து சேர்பவருக்கு வாய்ப்பு மிக அதிகம். மயக்கநிலையில் வருபவருக்குக் குறைவு. வரும் நாள் எது என்பதற்கு ஈடான மருந்து இதுவரை இல்லை.

எச்.ஐ.வி. தொற்றும் உடையவர்களுக்கு விடை இன்னும் தெளிவாகவில்லை. வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் அத்தகைய 520 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் டெக்ஸாமெத்தசோன் பிரிவில் 44 விழுக்காடு, வெற்று மருந்துப் பிரிவில் 49 விழுக்காடு. இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம் என்பதால் பயன் உறுதியாகவில்லை. ஆகவே அவர்களுக்கு ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவெடுக்கிறோம்.

அழற்சி மிகுந்தால் கேடு; அது மிகக் குறைந்தாலும் கேடு என்பது அண்மைக் காலப் புரிதல். ஜீப்ரா மீன்களில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி, மனிதர்களிடமும் ஒரு மரபணுவின் வேறுபாட்டால் சிலருக்கு எதிர்வினை மிகையாகவும் சிலருக்குக் குறைவாகவும் அமையக்கூடும் என்று 2012இல் காட்டியது. எந்நோயாளிக்கு ஸ்டீராய்டு மிகுந்த பயன் தரும் என்பதை முன்கூட்டியே அறியும் நாள் வரலாம். இன்று எங்கள் வார்டில் அத்தகைய சோதனை இல்லை.

படி இறங்குவது போல

ஸ்டீராய்டின் அளவு நோயின் நிலைக்கும் உடல் எடைக்கும் ஏற்ப அமைகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலையில் வந்தால், வியட்நாம் ஆய்வில் பின்பற்றிய முறைப்படி, முதல் வாரம் நாளொன்றுக்கு 20 மி.கி. டெக்ஸாமெத்தசோன் ஊசியாகச் செலுத்தப்படும். அடுத்தடுத்த வாரங்களில் 15, 10, 5. ஐந்தாம் வாரம் முதல் மாத்திரையாக நாளொன்றுக்கு 4 மி.கி., பின்பு வாரத்திற்கு ஒன்றாக 3, 2, 1. மொத்தம் எட்டு வாரங்கள். முதல் நிலையில் வருபவருக்குக் குறைந்த அளவில் ஆறு வாரங்கள். (இது எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் அட்டையில் உள்ள அளவே உங்களுக்குரியது.)

அந்த இளைஞர் நான்கு வாரங்கள் எங்களிடம் தங்கி, எழுந்து நடந்து, தாமே உணவருந்தும் நிலையில் வீடு திரும்பினார். வீட்டில் தொடர வேண்டிய டெக்ஸாமெத்தசோனை வெளியேற்றச் சீட்டின் ஓரத்தில் '4–3–2–1' என்று ஆங்கிலக் குறுக்கெழுத்துகளுடன் எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கு அது பழகிய மொழி. கடையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டுமே இருந்ததால் அதை மட்டும் கொடுத்தார்கள். அதற்குள் முகம் உப்பியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்து, "இது ஸ்டீராய்டு மாத்திரையால வர்ற ஊதல். எலும்பெல்லாம் கரைஞ்சிடும், நிறுத்திடுங்க" என்றிருக்கிறார். அட்டை தீர்ந்த அன்றே நிறுத்திவிட்டார்கள். காசநோய் மாத்திரைகளை மட்டும் ஒரு வேளையும் தவறவிடவில்லை.

ஐந்தாம் நாள் தலைவலி. ஆறாம் நாள் வாந்தி. ஏழாம் நாள் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தபோது, இரத்த அழுத்தம் தாழ்ந்து, பெயர் சொல்லி அழைத்தால் முனகும் நிலையில் இருந்தார்.

இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்திருந்தன. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பி நமக்குத் தேவையான இயற்கை ஸ்டீராய்டைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து பல வாரங்கள் அது கிடைத்தால், சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். மீண்டும் விழித்துக்கொள்ள அதற்கு அவகாசம் தேவை. படிப்படியாகக் குறைப்பது அந்த அவகாசத்தைத் தருகிறது. திடீரென நிறுத்தினால் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை உண்டாகும். மற்றொரு காரணம், இன்னும் தணியாத அழற்சி மீண்டும் தலைதூக்கியது. சி.டி. ஸ்கேனில் மூளையின் உள்ளறைகள் முன்னைவிட விரிந்திருந்தன. இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களால் இயலவில்லை. ஸ்டீராய்டை மீண்டும் தொடங்கி, மறுநாளே ஷன்ட் பொருத்தச் செய்தோம். உயிர் தப்பினார். வார்டில் அந்த அம்மா அழுதுகொண்டே, "நாங்கதான் தப்புப் பண்ணிட்டோம்" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு முழு விடை சொல்லாமல், புரியாத சீட்டை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். அதை அவரிடமும் சொன்னோம்.

அதன்பின் சீட்டின் ஓரத்தில் எழுதுவதை விட்டுவிட்டோம். ஒவ்வொரு நாளுக்கும் தேதியிட்டு, காலையில் எத்தனை மாத்திரை என்பதைத் தமிழில் எழுதிய தாள் ஒன்றைத் தருகிறோம். முழுக் காலத்துக்குமான மாத்திரைகளை இங்கேயே எண்ணிக் கொடுக்கிறோம். வீடு திரும்பும் முன் குடும்பத்தில் ஒருவரை அந்தத் தாளைப் படித்துக் காட்டச் சொல்கிறோம். இதற்குக் கால்மணி நேரம் பிடிக்கிறது; செவிலியர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது இல்லை.

முகம் உப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அது உண்மைதான்; மருந்து முடிந்தபின் வடிந்துவிடும். பசி மிகும். உறக்கம் குறையும். அதனால் மருந்தைக் காலையில், உணவுக்குப் பின் உட்கொள்வது நலம். சிலர் காரணமின்றி எரிந்து விழுவார்கள், சிலர் அளவுக்கு மீறிக் கலகலப்பாவார்கள். வீட்டார் அதைக் குணக்கேடாகக் கருதவேண்டாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறக்கூடும் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் முதல் வாரங்களில் அடிக்கடி சோதிக்க வேண்டும். மலம் தார்போல் கறுத்தால், தாளில் மாத்திரை குறையும் நாள்களில் தலைவலி திரும்பினால், பார்வை மங்கினால், உறக்கம் மிகுந்தால், நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் அன்றே வாருங்கள். மறு ஆய்வு நாள் வரை காத்திருக்க வேண்டாம். வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் ரிஃபாம்பிசின் உட்கொள்வதை மறவாமல் சொல்லுங்கள். அது ஸ்டீராய்டு உட்படப் பல மருந்துகளை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றும்; கிருமிக்கும் அழற்சிக்கும் கொடுக்கும் மருந்துகளை ஒருங்கே கணக்கிட்டே அளவு வகுக்கிறோம். ஸ்டீராய்டு முடிவது எட்டாம் வாரத்தில். காசநோய் மருந்து அன்று முடிவதில்லை. பெரும்பாலோர்க்கு அது 9 முதல் 12 மாதங்கள் வரை தொடரும்.

அந்த இளைஞர் பன்னிரண்டாம் மாதத்தில் காசநோய் மருந்தை முடித்தார். இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறார். இடக்கையால் சட்டைப் பொத்தானைப் போட இன்னும் நேரம் பிடிக்கிறது, பயிற்சி தொடர்கிறது. கடைசியாக வந்தபோது அவருடைய தாயார், நாள்தோறும் பேனாவால் கோடிட்டு, மடிப்புகள் கிழிந்துபோயிருந்த அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். இரண்டாம் முறை வீடு திரும்பியபோது நாங்கள் எண்ணிக் கொடுத்ததில் மூன்று டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகள் கூடுதலாக இருந்திருக்கின்றன. யாருக்காவது காய்ச்சல் வந்தால் உதவுமே என்று உறவினர் ஒருவர் கேட்டாராம். கொடுக்காமல் முந்தானையில் முடிந்து எங்களிடமே கொண்டுவந்திருந்தார். வாங்கி வைத்துக்கொண்டோம்.